திருமண நிலை என்ற கட்டத்தைப் பற்றிச் சம்பந்திக்கு

எதிரில் யார் இருந்தாலும் குரலைத் தாழ்த்திப் பேசியறியாத என் அருமைச் சம்பந்தியம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். உங்கள் விஷயத்தில் அந்தக் கேள்வி இனிப் பொருந்தாது என்பதால் இங்குள்ள நலத்தை மட்டும் எழுதுகிறேன். மந்தைவெளியில் உங்கள் வாடகைப் பாத்திரக் கடை திறந்திருக்கிறது. மெட்ரோவுக்குத் தோண்டிய சாலை இன்னும் சாலையாகவில்லை. பாத்திர வண்டி நாலு தெரு சுற்றித்தான் வந்து சேர்கிறது. உங்கள் நாற்காலியில் இப்போது தினேஷ் உட்காருகிறான். வாடிக்கையாளர்களிடம் அவன் மரியாதையாகப் பேசுவது கடையின் பெயருக்குச் சிறிய பின்னடைவு. போன வாரம் ஒரு சமையல்காரர் என்னிடமே கேட்டார்: "அம்மா இருந்தா நல்லா திட்டிட்டு அண்டாவைக் குடுக்கும். இவுரு சிரிச்சிக்கினே குடுக்கறாரே, அண்டா ஓட்டையா சார்?"

நீங்கள் ஆடி மாதத்தில் போனீர்கள். முகூர்த்தமே இல்லாத மாதம். கடைப் பாத்திரங்கள் எல்லாம் கவிழ்த்து வைத்தபடி ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், எழுந்திருக்கவில்லை. ஆவணியில் போயிருந்தால் எத்தனை கல்யாணச் சமையல் நின்றிருக்கும்! வியாபாரம் தெரிந்தவர் என்று அன்றைக்கே உங்கள் கடையாட்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

இந்தக் கடிதம் அச்சில் வரப்போகிறது. முன்பின் அறியாத பலர் தோளுக்குப் பின்னால் நின்று படிப்பார்கள். அவர்களுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உங்களிடம் சொல்லவேண்டியிருக்கிறது. கோபப்படாதீர்கள். படுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

என் மகன் அரவிந்த். உங்கள் மகன் தினேஷ். என் மனைவியின் முதல் வருட நினைவு நாளுக்கு அடையாறில் பத்துப் பேருக்குச் சாப்பாடு போடலாம் என்று முடிவு செய்து, பாத்திரம் வாடகைக்கு எடுக்க அரவிந்த் உங்கள் கடைக்கு வந்தான். பத்துப் பேருக்கு எதற்கு அண்டா என்று தினேஷ் கேட்டிருக்கிறான். அந்தக் கேள்விக்கு இவன் சொன்ன பதில் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அண்டா திரும்பிப் போன பிறகும் இவன் போய்க்கொண்டே இருந்தான்.

விஷயம் இரண்டு வீட்டிலும் தெரிந்தபோது நடந்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. நான் பேசாமல் இருந்தேன், நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். பலன் ஒன்றுதான். கடைசியில் ஒருநாள் நீங்கள் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே கேட்டீர்கள்.

"இன்னாங்க, உங்க புள்ள நல்ல புள்ளயா?"

"நல்ல பையன்தாங்க."

"எம் புள்ளயும் நல்ல புள்ளதான். அப்புறம் இன்னா? ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீறாங்க. பாக்க சகிக்கல. பண்ணி வெச்சிடலாம்."

அந்த வாக்கியத்தோடு நான் சம்பந்தியானேன். தண்ணீர்கூடக் கொடுத்திருக்கவில்லை. அதை நீங்கள் கடைசிவரை சொல்லிக்காட்டினீர்கள்.

அதற்கப்புறம் நடந்த தவறைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெசன்ட் நகரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில், நெருங்கியவர்களை மட்டும் அழைத்து, மாலை மாற்றிச் சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு. என் தங்கையும் அவள் குடும்பமும் நானும் ஒரு வேனில் போய்த் தெருவின் கிழக்கு முனையில் நின்றோம். மாப்பிள்ளை வீட்டார் அல்லவா? பெண் வீட்டார் வந்து, பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் கொடுத்து, ஆரத்தி எடுத்து அழைத்துப் போகவேண்டும். தானாக நடந்து உள்ளே போவது கௌரவமில்லை. என் தங்கை பட்டுப்புடவையை நீவிக்கொண்டு வேனை விட்டு இறங்க மறுத்தாள்.

நீங்களும் ஒரு வேனில் வந்து அதே தெருவின் மேற்கு முனையில் நின்றுகொண்டிருந்தீர்கள். நீங்களும் மாப்பிள்ளை வீட்டார். எத்தனையோ ஆயிரம் கல்யாணங்களுக்குப் பாத்திரம் அனுப்பியவர், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மாப்பிள்ளைக்கு அம்மாவாக வந்திருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் இறங்குவீர்களா?

மேலே பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. தினேஷ் உங்களுக்குப் போன் செய்தான்.

"எங்கம்மா கீற?"

"தெருமொனைல. ஒருத்தரும் வந்து கூப்புடல. இன்னா மரியாத தெரியாத குடும்பம்டா அது?"

"அவங்களும் அந்த மொனைல நின்னுக்கினு இதையேதான் சொல்றாங்க."

இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் இது முன்கூட்டித் தோன்றவில்லை. பத்திரிகை, பாயசம், பந்தி எல்லாம் பேசினோம். வரவேற்க ஆள் வேண்டும் என்பதை மறந்தோம். பெண் வீடு என்று ஒன்று எப்போதும் தானாகவே இருக்கும், விளக்குக் கம்பம் மாதிரி, என்று இரு தரப்பும் நம்பியிருக்கிறோம். இந்த ஊரில் அந்தத் தரப்பு செய்கிற வேலை எவ்வளவு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முடிவில் பிள்ளைகள் இரண்டு பேரும் கீழே இறங்கி வந்தார்கள். அரவிந்த் ஆரத்தித் தட்டோடு உங்கள் வேனுக்கு நடந்தான். தினேஷ் கல்கண்டோடு எங்கள் வேனுக்கு வந்தான். "வாங்க மாமா" என்றான். முதல் தடவை.

ஒரு கல்யாணத்தில் கோபித்துக்கொள்ளும் உரிமை ஒரு தரப்புக்குத்தான் உண்டு. நம் கல்யாணத்தில் இரு தரப்புக்கும் இருந்தது. நாம் அதை வீணாக்கவில்லை. என் தங்கை போட்ட காபியைக் கழுவின தண்ணி என்றீர்கள். உங்கள் ஆள் செய்த கத்தரிக்காய்க் கொத்சில் உப்பு தூக்கல் என்றேன். தீபாவளிக்கு யார் முதலில் அழைப்பது என்பதில் இரண்டு தீபாவளி போயிற்று. கோபமில்லாத நாட்களில் என்னை "நீ" என்பீர்கள், கோபம் வந்தால் "நீங்க" என்பீர்கள். அடையாறில் வளர்ந்த எனக்கு இது தலைகீழாக இருந்தது. பழகியபிறகு, நீங்கள் "வாங்க, உக்காருங்க" என்றால் செருப்பைத் தேடுவேன்.

உங்களுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பதிவு செய்யவேண்டும். "எங்க கடையில பாத்திரம் எடுத்த அத்தினி பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கீறான். பொண்டாட்டிய அடிக்கறவன்கூடப் பண்ணிக்கீறான். எம் புள்ளைக்கு இன்னா?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போனீர்கள். அங்கிருந்தவர் நல்ல மனிதர். நாட்டின் நிலவரத்தை எடுத்துச் சொன்னார். டெல்லியில் உள்ள பெரிய நீதிமன்றம், இப்படிப்பட்ட கல்யாணத்தை அங்கீகரிப்பது தன் வேலையில்லை, சட்டம் இயற்றுகிறவர்களின் வேலை என்றுவிட்டது. நம் ஊர் உயர் நீதிமன்றம், கல்யாணம் ஒன்றுதானா குடும்பம் அமைக்க வழி என்று கேட்டது. இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள் தங்கள் உறவை ஓர் ஒப்பந்தமாகப் பதிவு செய்துகொள்ள மாநில அரசு வழி செய்யலாமே என்று யோசனையும் சொன்னது. மாநில அரசு ஆலோசித்துக்கொண்டிருக்கிறது.

"எப்ப ஆலோசிச்சு முடிப்பாங்க?" என்று கேட்டீர்கள்.

"அரசாணை வந்தா சொல்றேம்மா."

"சரி. அதுவரிக்கும் எம் புள்ள யாரு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். உயில் எழுதிவையுங்கள், அது போதும் என்றார். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உயிலு செத்தப்புறம் பேசும், சம்பந்தி. உயிரோட கீறச்சே இன்னா பேசறது?" உங்களுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். அதில் ஐஸ் அதிகம் என்று என்னைத் திட்டினீர்கள்.

இனி நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன்.

மறைந்த உங்கள் கணவரின் அண்ணன் முனுசாமி, சைதாப்பேட்டைக்காரர், நம் மாடிக் கல்யாணத்துக்கு வராதவர். அவரை நினைத்து நீங்கள் எப்போதும் ஒரு பயத்தில் இருந்தீர்கள். சொல்லமாட்டீர்கள், ஆனால் அவர் பெயர் வந்தால் குரல் ஒரு படி இறங்கும். உங்களிடம் அது பெரிய விஷயம். உங்கள் காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு எனக்கு ஒரு போன் வந்தது.

"யாரு, அரவிந்து அப்பாவா? நான் தினேசு பெரிப்பா பேசறேன்."

"சொல்லுங்கய்யா."

"நாளன்னிக்குக் கருமாதி. கோடி எடுத்தாரணும். வேட்டி, துண்டு, தலைப்பாத் துணி. ஒயுங்கான வேட்டியா எடுங்க. சம்பந்தி வூட்டு மொறைய்யா அது. தெரியுமா தெரியாதா?"

எங்கள் பக்கத்தில் அந்தப் பழக்கம் இல்லை. தாயை இழந்த மகனுக்குக் காரியத்தன்று தாய்மாமன் வீட்டாரும் மாமனார் வீட்டாரும் புது வேட்டி கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் அவன் தலையில் தலைப்பாகை கட்டவேண்டும் என்று அவரே விளக்கினார். மாமனார் வீட்டு முறை வராவிட்டால் பையன் தலை பாதிக் கட்டோடு நிற்கும், ஊர் பார்க்கும் என்றார். நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"ஐயா, உங்களுக்கு இந்தக் கல்யாணம்..."

"எனக்குப் புடிக்கல. இன்னிக்கும் புடிக்கல. அத்த பத்தி உன்னாண்ட பேசலியே நானு? மொறன்னு ஒண்ணு கீதுல்ல? கட்டிக் குடுத்துட்டு சம்பந்தி வூட்டான் கோடி போடாம இருந்தா எங்க வம்சத்துக்கே அசிங்கம்யா."

யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் யாரையும் ஏற்றுக்கொள்ளவில்லை, எதையும் அங்கீகரிக்கவில்லை, ஒரு கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. அவருடைய வழக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, அந்த இடத்தில் நிற்கவேண்டிய ஆளை வா என்று அதட்டினார், அவ்வளவுதான். ஆலோசனைக்குழு இல்லை. டெல்லிக்கு எழுதிக் கேட்கவில்லை.

தி.நகரில் போய் வேட்டி எடுத்தேன். விற்பனையாளர், "கல்யாணத்துக்கா சார், காரியத்துக்கா?" என்று கேட்டார். "இரண்டுக்கும்" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அப்போது வாய் சரியில்லை.

காரியம் நடந்த மண்டபத்தில் உங்கள் உறவுக்காரர்கள் முழுதும் நிறைந்திருந்தார்கள். சிலர் எங்களைப் பார்த்தார்கள். சிலர் எங்களைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார்கள். அரவிந்த் ஒரு தூணோரம் நின்றான். உங்கள் தம்பி தாய்மாமன் முறைக்கு வந்து ஒரு சுற்றுக் கட்டிவிட்டுப் போனார். பிறகு முனுசாமி எழுந்து நின்று மண்டபம் அதிரக் கூப்பிட்டார்: "சம்பந்தி வூட்டு மொற யாருப்பா? முன்னால வாங்க!"

முன்னால் போனேன். ஒருத்தர் பின்னாலிருந்து, "எந்தப் பொண்ணக் கட்டிக் குடுத்தாங்களாம்?" என்றார். முனுசாமி திரும்பி, "ஏன், உனுக்கு ஒண்ணு வேணுமா? பந்தி போட்டதும் கூப்புடறேன், அதுவரிக்கும் வாய மூடிக்கினு ஒக்காரு" என்றார். வேட்டியைத் தினேஷ் கையில் கொடுத்தேன். தலைப்பாகைத் துணியைச் சுற்ற ஆரம்பித்தேன். நாற்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்று வரலாறு நடத்திய கை. பாண்டியர் முதல் பல்லவர் வரை எத்தனையோ முடிசூட்டு விழாக்களை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கட்டியதில்லை. துணி அவன் புருவத்துக்கு இறங்கி, கண்ணையும் மூடிவிட்டது.

"மாமா, ஒண்ணும் தெரியல" என்றான் மெதுவாக.

"எனக்கும்தான்" என்றேன். எனக்கு வேறு காரணம்.

"இன்னாய்யா கட்டு இது, மாம்பழக் கூடைக்குக் கட்டற மாதிரி" என்று முனுசாமி அதட்டி, மேலே தூக்கிவிட்டார். மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் உங்கள் குரல் இல்லையே என்று இருந்தது. நீங்கள் இருந்திருந்தால் என்னை இன்னும் நன்றாகக் கேவலப்படுத்தியிருப்பீர்கள் இல்லையா?

அடுத்தது அரசாங்கம்.

கடை இருப்பது கோயில் இடம். வாடகைதாரர் நீங்கள். பெயர் மாற்ற வேண்டுமானால் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள், நியாயம்தான். தினேஷ் இ-சேவை மையத்துக்குப் போனான். பெயர், வயது, இறந்தவருக்கு என்ன உறவு, எல்லாம் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டே வந்த பெண், "திருமண நிலை?" என்றாள்.

"ஆயிடுச்சு."

"மனைவி பேரு?"

"அரவிந்த்."

அவள் விரலை எடுத்துவிட்டு அவனை ஒருமுறை பார்த்தாளாம். பிறகு, "சார், எனக்கு ஒண்ணுமில்ல, சிஸ்டம் ஏத்துக்குமான்னு பாக்கறேன்" என்று அழுத்தினாளாம். சிஸ்டம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இந்த மாநிலத்தில் இதுவரை ஆமாம் என்று சொன்ன ஒரே அரசு ஊழியர் அந்தக் கணினிதான்.

மனிதர்களிடம் வந்தபோது நின்றது. வருவாய் ஆய்வாளர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். தாலுகா அலுவலகத்தில் தினேஷ், அரவிந்த், நான், துணைக்கு வந்த முனுசாமி. ஆய்வாளர் உட்காரச் சொன்னார், டீ சொன்னார், குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, 'ஆகாதவர்'னு ஒரு வார்த்தை மாத்திடுங்க. இன்னிக்கே முடிச்சு அனுப்பிடறேன்."

"அது பொய் சார்."

"பொய்யில்ல தம்பி. சட்டப்படி அதான் உண்மை."

முனுசாமியும் அவர் பக்கம் சாய்ந்தார். "போட்டுடுடா. கட இன்னா ஆவறது? தை மாசம் பொறந்தா முகூர்த்தம் வரிசையா வருது. ஒரு வார்த்ததானே, எவன் பாக்கப்போறான்?"

தினேஷ் அவரிடம் கோபப்படவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரிப்பா, நீங்கதான் மொறன்னு சொல்லி எல்லார் எதிர்லயும் கூப்புட்டீங்க. மாமா வந்து கட்டுனாரு. நானும் தலையக் குடுத்தேன். அம்மா காரியத்துல கட்டிக்கினு வந்துட்டு, அம்மா கடைக்காக 'எனக்கு ஆகவே இல்ல'ன்னு எப்டி கையெழுத்துப் போடுவேன்? அப்ப அன்னிக்குக் கட்டுனது இன்னா? வேஷமா?"

முனுசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆய்வாளருக்கு வந்த டீயை எடுத்துக் குடித்தார். பிறகு அவரைப் பார்த்து, "சார், பையன் சொல்றதுல ஞாயம் கீது. ஆயிடுச்சுன்னே போட்டுக்க" என்றார்.

"ஐயா, எனக்குத் தனிப்பட்ட முறையில ஆட்சேபனையே கிடையாது."

"அப்ப போடு."

"போட்டா என் மேல ஆட்சேபனை வருமே."

அங்கேதான் நான் பேசினேன். அதிகம் பேசவில்லை. "சரி. முடியாது என்று காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். போய்விடுகிறோம்" என்றேன்.

அதுவரை எங்களிடம் பரிவோடு இருந்தவர் அப்போதுதான் உண்மையாகவே கலங்கினார். முடியும் என்று எழுத விதியில்லை. முடியாது என்று எழுதவும் விதியில்லை. விதியில்லாத இடத்தில் கோப்பு நிலுவையில் கிடக்கவேண்டும், அதுதான் அலுவலக தர்மம். நிலுவையில் இருப்பதை எதிர்த்து யாரும் எளிதில் வழக்குப் போட முடியாது. நிராகரிப்பை எதிர்த்துப் போடலாம். நம் பிள்ளைகளுக்கு இந்த அரசு 'இல்லை' என்றுகூடச் சொன்னதில்லை, சம்பந்தி. அதைச் சொல்ல வைப்பதுதான் முதல் வேலையாக இருந்தது.

ஆகவே உட்கார்ந்தோம். தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போய், அலுவலக வராந்தாவில் இருக்கிற பெஞ்சில் முனுசாமியும் நானும் உட்காருவோம். மதியம் அரவிந்த் சாப்பாடு கொண்டுவருவான். முனுசாமிக்கு அரவிந்திடம் பேசுவதில்லை என்ற விரதம் இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "ரசத்துல பெருங்காயம் போடமாட்டீங்களா உங்க வூட்ல?" என்று அவனைக் கேட்டு விரதத்தை முடித்துக்கொண்டார். பட்டாவுக்கு வந்தவர்கள், சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்கள், முதியோர் பென்ஷனுக்கு வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். "முடியாதுன்னு எழுதி வாங்க வந்துகீறோம்" என்பார் முனுசாமி. ஓர் அம்மாள் மட்டும், "எனக்கும் சேத்து ஒண்ணு வாங்கிக் குடுங்க. எட்டு மாசமா நாளைக்கு வா நாளைக்கு வான்றாங்க" என்றார்.

தினேஷிடம் நான் தனியாக ஒருமுறை கேட்டேன். வழக்கு என்றால் பேப்பரில் வரும். கல்யாண வீட்டுக்காரர்கள்தான் உன் வாடிக்கையாளர்கள். மங்கள காரியத்துக்கு இவன் கடைப் பாத்திரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? இடமும் பெயர் மாறாமல், வியாபாரமும் போனால்?

"சொல்லட்டும் மாமா. நாலு பேரு போவாங்க. திட்டு வாங்கியே அண்டா எடுத்துப் பழகினவங்க, இதுக்கா போயிடுவாங்க?" என்றான். பிறகு, "போனாலும் பரவால்ல" என்றான். அந்த இரண்டாவது பதிலுக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன். கடை அவனுக்கு என்ன என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

நேற்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அரைப் பக்கம். 'மனுதாரர் குறிப்பிட்டுள்ள உறவு நடைமுறையில் உள்ள விதிகளின்படி அங்கீகரிக்கப்படாதது என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது' என்று. முனுசாமி அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். படிக்கச் சொன்னார். படித்தேன். "நம்மள சொல்றான்" என்றார். நம்மள என்றார், சம்பந்தி. அதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

இன்று மாலை மயிலாப்பூரில் வழக்கறிஞரைப் பார்த்தோம். நறுக்கென்று பேசுகிற பெண்மணி. ஆறுதல் சொல்கிற பழக்கம் இல்லாதவர், உங்களுக்குப் பிடிக்கும். டெல்லித் தீர்ப்பு இருக்கும்போது 'கல்யாணம்' என்று கேட்டால் நம் உயர் நீதிமன்றம் கையைக் கட்டிக்கொள்ளும் என்றார். ஆகவே இரண்டு கேட்கிறோம். இவர்கள் ஒரு குடும்பம் என்பதை மாநில அரசு பதிவு செய்யட்டும், ஆலோசனை போதும். அதுவரை எந்த அலுவலகமும் தினேஷை 'ஆகாதவர்' என்று எழுதும்படி வற்புறுத்தக் கூடாது. பிள்ளைகளுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. கல்யாணத்தைக் கல்யாணம் என்று சொல்ல அடுத்த வழக்கு இருக்கிறது என்றார் அவர். தினேஷும் அரவிந்தும் மனுதாரர்கள். என்னையும் சேர்க்கச் சொன்னேன். உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு என்று கேட்டார். எனக்குக் கிடைத்த உறவு ஒன்றை அரசு இல்லை என்கிறது, பாதிப்பு அதுதான் என்றேன். எழுதிக்கொண்டார்.

வருடக்கணக்கில் இழுக்கலாம் என்கிறார். தோற்கவும் செய்யலாம். தோற்றால் மேல்முறையீட்டுக்குப் போவோம், அங்கேயும் தோற்றால் மறுபடி விண்ணப்பித்து, மறுபடி அந்தப் பெஞ்சில் உட்காருவோம். என் வயதைப் பார்த்து வழக்கறிஞரின் உதவியாளர் கொஞ்சம் தயங்கினார். என் டாக்டரும் உப்பைக் குறைக்கச் சொல்லித் தயங்குகிறவர்தான். இருவரிடமும் ஒன்றே சொன்னேன், உங்களிடமும் அதையே உறுதியாகச் சொல்கிறேன்: இந்த மாநிலத்தின் ஒரு பதிவேட்டில் நம் பிள்ளைகளின் இரண்டு பெயரும் ஒன்றாக ஏறி, அதன் நகலை என் கையில் வாங்கும்வரை, நீங்கள் இருக்கிற இடத்துக்கு நான் வருவதாக இல்லை.

தினேஷின் மாமனார்,
உங்கள் சம்பந்தி,
நடராஜன்